கீர்த்தியின் தலைக்கட்டு

மகள் இந்தியக் குடியுரிமையை விட்டுவிடப் போகிறாள் என்று கேட்டதும் ரகுபதிக்கு முதலில் தோன்றியது, ஊருக்குத் தட்டு வைக்க வேண்டுமே என்பதுதான். சிரிக்காதீர்கள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிற அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே ஒரு குடும்பம் நாலு மைல் தள்ளி வேறு குப்பத்துக்குக் குடிபோவதானாலும், அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கும்போது வெற்றிலை பாக்குத் தட்டை வைத்து, எங்களை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஊர்த் தலைவர் தட்டை எடுத்துக்கொண்டால்தான் போகலாம். கேட்காமல் கிளம்பி வந்தவனைப் போன இடத்துக் குப்பமும் சேர்த்துக்கொள்ளாது. நாலு மைலுக்கே அப்படி என்றால், நாட்டையே விட்டுப் போகிறவளுக்கு?

கீர்த்தி ரகுபதிக்கும் பச்சையம்மாவுக்கும் ஒரே மகள். வயது முப்பத்து மூன்று. அமெரிக்காவில் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டாள், ஊரும் அதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. காசிமேட்டில் ரகுபதிக்கு இரண்டு விசைப்படகு ஓடியது. பச்சையம்மா அதே துறைமுகத்தில் மீனை ஏலத்தில் எடுத்து விற்கிறவள். இரண்டு பேர் உழைப்பும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணைப் படிக்கவைத்து விமானம் ஏற்றியது.

"நைனா, கோவப்படாம கேளு" என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள ரகுபதிக்கு ஒரு வாரம் ஆயிற்று. அமெரிக்காவில் அவள் இருப்பது வேலை கொடுத்த கம்பெனியின் தயவில். கம்பெனி கைகழுவிவிட்டால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். அப்படி இரண்டு தடவை நடந்து, இரண்டு தடவையும் உயிர் போய் வந்தது. நிரந்தரமாகத் தங்க அட்டை கேட்டுக் காத்திருக்கிற இந்தியர்களின் வரிசையோ, தலை நரைத்தாலும் நகராத வரிசை. நேரடியாக அமெரிக்காவிலேயே முதல் போட்டுக் குடியேறலாம்தான், அதற்கு ரகுபதி இரண்டு படகோடு தன்னையும் விற்றாலும் போதாது.

ஆகவே சுற்றுவழி. கிரெனடா என்று ஒரு தீவு, ஜாதிக்காய் விளைகிற ஊர். அந்த அரசாங்கத்துக்கு ஒரு தொகையைக் கட்டினால், ஆளை நன்றாக விசாரித்துவிட்டுத் தன் குடிமக்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த நாட்டுக்காரர்கள் அமெரிக்காவில் சொந்தத் தொழில் நடத்த விசா கேட்கலாம், அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. ஆனால் பணம் கட்டிக் குடியுரிமை வாங்கினவர்கள் முதலில் மூன்று வருஷம் அந்தத் தீவிலேயே குடியிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அமெரிக்காக்காரனிடம் போய் நிற்க முடியும், அவனும் கொடுத்தால்தான் உண்டு. இதற்கு நடுவில் இன்னொன்று. இந்தியச் சட்டத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு நாடு கிடையாது. புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பழையதை ஒப்படைத்துவிட வேண்டும்.

பச்சையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அந்தத் தீவில் மீன் கிடைக்குமா என்று. கிடைக்கும், நிறையப் பேர் கடலுக்குப் போகிறவர்கள்தான் என்று கீர்த்தி சொன்னாள். அப்படியென்றால் சரி, பட்டினி கிடக்க மாட்டாள் என்று பச்சையம்மா தைரியமாக இருந்தாள். அதாவது, தைரியமாக இருப்பதுபோல் இருந்தாள்.

கீர்த்தியின் சேமிப்போடு ஒரு படகை விற்ற பணமும் சேர்ந்தால் தொகை வந்துவிடும். படகை விற்பதில் ரகுபதிக்கு வருத்தமே இல்லை. யாருக்காக ஓடியதோ அவளுக்காகவே விற்கிறோம், அதிலென்ன என்றார். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் நுங்கம்பாக்கத்தில் இந்த வேலைக்கென்றே இருக்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளே ஏசி குளிர் எலும்புவரை போனது. மகிழினி என்று ஒரு சின்னப் பெண் இவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்துச் சொன்னாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் ரகுபதி மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தீவுல ஊருக்குப் பெரியவரு யாரும்மா? யாராண்ட போய்ச் சொல்லணும், இது எங்க பொண்ணு, பாத்துக்குங்கன்னு?"

மகிழினி சிரிக்கவில்லை. நல்ல பெண். அப்படி யாரும் கிடையாது சார், அரசாங்கம்தான், ஓர் அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுத்தால் முடிந்தது என்றாள். சரி, இங்கே யாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் ரகுபதி. யாரிடமும் கேட்க வேண்டாம், ஆன்லைனில் ஒரு விண்ணப்பம், பாஸ்போர்ட்டோடு கொடுத்துவிடலாம் என்றாள். எல்லாம் முடிகிறவரை வெளியில் யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மெட்ரோவில் விம்கோ நகர் வந்து சேரும்வரை ரகுபதிக்கு அதே நினைப்புதான். போகிற இடத்தில் வரவேற்க ஆள் இல்லை, கிளம்புகிற இடத்தில் போய்வா என்று சொல்ல ஆள் இல்லை. இது என்ன போக்கு? திருடன்கூட இப்படிப் போகமாட்டானே. பெற்ற மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அந்தப் பெண் சொன்னது அவர் காதில் விழுந்ததே ஒழிய மண்டையில் ஏறவில்லை. ஊரென்பது அவருக்கு யாரோ அல்லவே.

மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து ஊர் கூடும். பாயில் உட்காருகிறவர்கள் தலைக்கட்டுகள். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து உட்காருவான், வரி கட்டுவான், பேசுவான், அவன் பேச்சு ஏறும். குப்பத்து மனையெல்லாம் ஊருக்குப் பொது, ஆகையால் தலைக்கட்டு யார் பேரிலோ வீடும் அவன் பேரில்தான். அவனுக்குப் பிறகு மகன், மகன் இல்லையென்றால் பங்காளி. பெண்கள் கோயில் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். யாரும் தடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

அன்றைக்கு ரகுபதி வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்த தட்டோடு வந்தார். ஊர்த் தலைவர் பொன்ராஜும் அவரும் பதினாறு வயதில் ஒரே படகில் ஏறினவர்கள், மாமு மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிற சிநேகம். தட்டைப் பார்த்ததும் பொன்ராஜ் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கிழவனுக்கு இந்த வயதில் இன்னொரு கல்யாணமா என்று கிண்டல் பண்ணினார். ரகுபதி கிண்டலுக்கு ஈடுகொடுக்காமல் தட்டை நடுவில் வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார். என் மகள் இந்த நாட்டு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள், ஊர் மனசார விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கைகூப்பினார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் ஒருத்தர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். பொன்ராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதை ரகுபதியே பிற்பாடு பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"கீர்த்தி என்னிக்கி மாமு நம்ம கணக்குல இருந்துச்சு? கணக்குல இல்லாத ஆள எப்பிடி வுடுறது? தட்ட எடுத்துக்கினு வூட்டுக்குப் போ."

ரகுபதி முகத்தில் ஈயாடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். முப்பது வருஷமாக அந்தப் பாயில் உட்கார்ந்து எத்தனையோ பேர் தட்டை வாங்கியிருக்கிறார், எத்தனையோ தீர்ப்பில் தலையாட்டியிருக்கிறார். தன் மகள் அந்தக் கணக்கிலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட உறைக்கவில்லை. வீட்டுக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் உறைத்தது.

தம்பி டில்லிபாபு பின்னாலேயே ஓடி வந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்து அவனுக்கும் பேஜாராகிவிட்டது. "நீ இன்னாத்துக்கு கலங்குற? வூடு நாளைக்கு எம்புள்ளைங்களாண்ட வந்தாலும், கீர்த்தி எப்போ வந்தாலும் தங்கிக்கினு போவட்டும். நான் வாணான்னா சொல்லப் போறேன்?" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். தங்கிக்கொண்டு போகட்டும். அவள் பிறந்த வீட்டில், அவள் நடை பழகின தரையில், தங்கிக்கொண்டு போகட்டும். ரகுபதி தம்பியின் தோளைத் தட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பச்சையம்மா சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"இன்னாமே, நீயாச்சும் எதுனா சொல்லு" என்றார் ரகுபதி.

"இன்னா சொல்றது? உனக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சிக்கீது. எனக்குக் கட்டிக்கினு வந்த நாளே தெரியும். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா நானும் டில்லி தயவுலதான் இங்க குந்திக்கினு இருக்கணும்."

குரல் உயரவில்லை. கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காசிமேட்டு ஏலத்தில் நூறு ஆம்பிளை குரலுக்கு மேலே குரல் கொடுத்து மீனை எடுக்கிறவள், இந்தப் பேச்சை இத்தனை வருஷம் ஒரு வார்த்தை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறாள். ரகுபதிக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு கீர்த்தி போன் பண்ணியபோது தட்டு விவகாரத்தைச் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தார். பெண்டாட்டி சும்மா இருப்பாளா? கீர்த்தி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். நாடு மாறுவதற்கு வெற்றிலை பாக்கு வைத்த ஒரே ஆள் உலகத்திலேயே நீதான் நைனா என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று ரகுபதி உலுக்கிப் பார்த்தார்.

"இங்க எட்டு வருசமா வரிசைல நிக்கிறேன் நைனா" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நகரவே நகராது. ஆனா என் பேரு அதுல கீது. நம்ம ஊர்ல வரிசையே இல்லியா எனக்கு? நாளைக்கு இவங்களும் போன்னு சொல்லிட்டா, நான் எங்க வந்து எறங்குறது?"

எட்டு வருஷமாகப் போனில் நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், குளிர் அதிகம் என்பதைத் தாண்டி அவள் எதுவும் சொன்னதில்லை. அழாதே கண்ணு என்றார் ரகுபதி. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். அவள் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால் குப்பத்துக் கணக்கில் அவள் பேர் ஏற வேண்டும். தங்கிப் போகிறவளாக அல்ல, வீட்டுக்காரியாக அவள் இங்கே வந்து இறங்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்குச் சுவர் ஓரத்தில் நிற்க இடமில்லை, அத்தனை பெண்கள். ரகுபதி துண்டைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்து, அதே தட்டைப் பொன்ராஜ் முன்னால் வைத்து, என் மகள் பேரில் ஒரு தலைக்கட்டு வேண்டும் என்று நேரடியாகவே கேட்டார்.

பொன்ராஜ் சங்கடப்பட்டார். சிநேகிதனை மறுபடி நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க அவருக்கு இஷ்டமில்லை. மகள் வேறு நாட்டு ஆளாகப் போகிறவள், வேறு நாட்டு ஆளை எப்படிச் சேர்ப்பது, அதனால்தான் முடியாது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். பாயில் பாதிப் பேர் அதுதானே என்றார்கள்.

அப்போது சுவர் ஓரத்திலிருந்து முத்தம்மா பேசினாள். அவள் மகன் சிங்கப்பூர் போய் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவன். "எம்புள்ள கையில கூட அந்த ஊரு பாஸ்போர்ட்டுதான் கீது" என்றாள். "அவன் பேரு கணக்குலதான கீது? அவனுக்குப் பதிலா அவன் தம்பி பாயில குந்திக்கினுதான கீறான்? தோ, மூணாவது ஆளு." தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

முத்தம்மா சொன்னது மெய்தான். அந்தமான் போனவன், துபாய் போனவன் எல்லாருக்கும் வீட்டு ஆள் ஒருத்தர் பாயில் உட்காருவது வழக்கம்தான். ஊர் ஒரு நாளும் எவன் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்ததில்லை. முன்வரிசைப் பெரியவர்தான், போன மாதம் முதலில் சிரித்தாரே அவர், கடைசியில் வாயை விட்டார்.

"அவன் ஆம்பள."

"அதான் சமாச்சாரம்னா அத்த சொல்லு" என்றார் ரகுபதி. "நாட்ட நடுவுல இழுக்காத."

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெண்பிள்ளைக்குத் தலைக்கட்டு கொடுத்தால் நாளைக்கு வீட்டுக்கு வீடு கேட்பார்கள் என்றான் ஒருத்தன். கேட்டால் என்ன என்றாள் சுவர் ஓரத்தில் கன்னியம்மா. கடலில் எண்ணெய் மிதந்த வருஷம் கழிமுகத்தில் இறங்கி எண்ணெயை அள்ளினதில் நாங்களும்தானே இருந்தோம், அப்போது மட்டும் கணக்கு பார்த்தீர்களா என்றும் கேட்டாள். பொன்ராஜ் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். கடைசியாக அவர் கையில் ஒரு விதி மிச்சம் இருந்தது, இதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நம்பி அதைச் சொன்னார். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டுதான். ரகுபதியின் தலைக்கட்டு இருக்கிறவரை அந்த வீட்டில் இன்னொன்று யாருக்கும் கிடையாது, ஆணோ பெண்ணோ. இது எல்லாருக்கும் பொதுவான விதி, இதில் தப்பு சொல்ல முடியாது.

ரகுபதி எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நிதானமாக நாலாக மடித்து, பொன்ராஜ் முன்னால் இருந்த தட்டில் வைத்தார்.

இதைச் செய்யப் போகிறார் என்று பச்சையம்மாவுக்கே தெரியாது. துண்டை அவிழ்த்து வைத்தவன் அப்புறம் அந்தப் பாயில் உட்கார முடியாது. பேச முடியாது. படகுச் சண்டையானாலும் வலைச் சண்டையானாலும் அவன் சொல் ஏறாது. படகோட்ட முடியாத வயதாகிவிட்ட கிழவர்கள் பண்ணுகிற காரியம் அது. காசிமேட்டில் இன்னும் ஒரு படகு ஓடிக்கொண்டிருக்கிற மனுஷன் பண்ணுகிறதில்லை.

"மாமு, வாணாம். எடுத்துக் கட்டு" என்றார் பொன்ராஜ்.

"வாங்கிக்க பொன்ராஜு. அவ ஒரு நாட்டயே வுட்டுட்டுப் போறா. அவளுக்கோசரம் நான் ஒரு துண்ட வுடக் கூடாதா?"

முதலில் எழுந்தவன் டில்லிபாபு. அந்த வீடு நாளைக்கு அவன் பிள்ளைகளுக்கு வர வேண்டியது. அதை நினைத்துத்தான் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பங்காளி எனக்குச் சம்மதம், என் அண்ணன் மகளுக்கே இருக்கட்டும் என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? பொன்ராஜ் இரண்டு கையாலும் தட்டை எடுத்துக்கொண்டார். ஊர் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மா அவரைத் திட்டித் தீர்த்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, நாளைக்கு எவனாவது படகை மோதிவிட்டுப் போனால் யார் போய்ப் பேசுவது என்று மூச்சு விடாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே வஞ்சிரத்தை வறுத்து அவர் தட்டில் நாலு துண்டு வைத்தாள். தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் இரண்டை எடுத்து அவள் தட்டில் போட்டார்.

தீவுக்காரர்கள் விசாரித்து முடித்து, கடிதம் வந்து, கீர்த்தி உறுதிமொழி எடுத்து, வேலையை விட்டுவிட்டு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே ஒரு மழைக்காலம் முடிந்து தை பிறந்துவிட்டது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள். சொந்தமாக ஆரம்பித்த கம்பெனிக்கு அங்கிருந்தே வேலை பார்த்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காக்காரன் விசா கொடுப்பானா மாட்டானா, அது அப்போது தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்றைக்கு மட்டும் போனில் ரொம்ப நேரம் பேசாமலே இருந்தாள். ரகுபதியும் பேசாமல் இருந்தார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத் தலைக்கட்டுப் பேரையும் படித்து மாசித் திருவிழாவுக்கு வரி போடுகிற கூட்டம் வந்தது. அதுவரை அந்த வீட்டு இடம் பாயில் காலியாகவே இருந்தது. தலைக்கட்டு வெளிநாட்டில் இருந்தால் வீட்டு ஆள் ஒருத்தர் பதிலுக்கு உட்காரலாம். ரகுபதி துண்டை விட்டவர், அவர் உட்கார முடியாது. வீட்டில் மிச்சம் இருக்கிற ஆள் ஒரே ஒருத்திதான். பொன்ராஜுக்கு இது முதலிலேயே தெரியுமா தெரியாதா என்று குப்பத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

பச்சையம்மாவுக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று புடவையை எடுத்துக் கட்டிப் பார்த்துவிட்டாள். நான் போகவில்லை, எனக்கு என்ன தெரியும், பேசாமல் டில்லியையே உட்காரச் சொல்லேன் என்று வாசல்வரை வந்துகூடத் திரும்பினாள். ரகுபதிதான் கூடவே நடந்து வந்து கோயில்வரை கொண்டுவந்து விட்டார். செருப்பை விட்டுவிட்டுப் பாயின் ஓரத்தில் அவள் நுனியில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த சிங்கப்பூர்க்காரன் தம்பி எதுவும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டான். அவள் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ரகுபதி எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். கடைசியில் சுவர் ஓரத்துக்குத்தான் போனார். அங்கே பெண்கள் நடுவில் கன்னியம்மா அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்து, வா அண்ணே, இங்கே காற்று நல்லா வரும் என்றாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ரகுபதியும் சிரித்துவிட்டார். கையில் இருந்த போனில் கீர்த்தி தெரிந்தாள். அங்கே காலை நேரம், இப்போதுதான் எழுந்த முகம். அம்மா தெரியவில்லை நைனா, போனை இன்னும் தூக்கிப் பிடி என்றாள். தூக்கிப் பிடித்தார்.

பொன்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைக்கட்டுப் பேர்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் பாயிலிருந்து பதில் வந்தது. தெற்குத் தெரு முடிந்து, கோயில் தெரு வந்தது. ரகுபதியின் பேர் இத்தனை வருஷம் இருந்த இடத்தில் பொன்ராஜ் புதுப் பேரைப் படித்தார்.

"கீர்த்தி."

பச்சையம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஏலத்தில் நூறு பேருக்கு மேலே கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. பாயில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர் ஓரத்தில் ரகுபதி போனை இன்னும் உயரத் தூக்கினார். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கீறா" என்றாள்.

பொன்ராஜ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.